நிரப்பாமல் விட்ட கோடு

புக்கிட் பெலிம்பிங்,
4 பிப்ரவரி 2024

அன்புள்ள புவனேசன் அத்தானுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு மட்டும் முழங்கால் வலி. அதுவும் மாப்பிள்ளை புராணம் பாட ஆரம்பித்தால் மறந்துபோகிறது. உங்களுக்குக் கொலம்பியாச் சாப்பாடு ஒத்துக்கொண்டதா? கொசு அதிகமா?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நான் காலையில் ராவாங் ஆபீசுக்குக் கார் எடுக்கும்போது உங்களுக்கு முந்தின நாள் சாயங்காலம். ஒருவர் அவசரத்தில் இருந்தால் இன்னொருவர் அசதியில் இருக்கிறோம். அதைவிட, போனில் எதைக் கேட்டாலும் “பாக்கலாம்லா” என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். எழுத்தில் மழுப்புவது அவ்வளவு சுலபமில்லை. அதனால் இனி மின்னஞ்சலில் முறையாகக் கடிதம், பதிலுக்குப் பதில்.

போன வாரம் பக்கத்து வீட்டு விஷாலினிக்கு நலங்கு. சுமங்கலிகள் வந்து சந்தனம் பூசுங்கள் என்றார்கள். புஷ்பா அக்கா என் கையில் கிண்ணத்தைக் கொடுத்து, “ரெஜிஸ்டர் ஆயிருச்சுல்ல, வா” என்று இழுத்தார். பின்னாலிருந்து ஒரு பெரியம்மா, “தாலி ஏறலையே, அவ எப்படிப் பூசுவா?” என்றார். சண்டையெல்லாம் இல்லை, இரண்டு பேருமே பிரியமாகத்தான் சொன்னார்கள். நான் கிண்ணத்தோடு நடுக்கூடத்தில் நின்றேன். பிறகு சமையலறைக்குப் போய்த் தட்டில் பலகாரம் அடுக்க ஆரம்பித்தேன். அங்கே யாரும் கழுத்தைப் பார்க்க மாட்டார்கள்.

ஊரில் எல்லாரும் செய்வதுதான். முதலில் பதிவு இலாகாவில் கையெழுத்து, அவரவர் வீட்டுக்குத் திரும்புவது, பிறகு நாள் பார்த்துக் கோயிலில் தாலி. மற்றவர்களுக்கு நடுவில் இரண்டொரு மாதம் இருக்கும். நமக்கு டிசம்பரிலிருந்து ஆவணி வரை, நடுவில் ஒரு சமுத்திரமும். கல்யாணம் ஆனவர்களுக்குத்தான் மேற்பார்வை வேலை என்று உங்கள் கம்பெனி சொன்னதால் அவசர அவசரமாகப் போட்ட கையெழுத்து அது. குறை சொல்லவில்லை. ஆவணி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டைத் திருத்தி இணைத்திருக்கிறேன். பக்கம் முழுக்க ‘பொசீப்லே’ என்று தெளித்து வைத்திருக்கிறீர்கள். பெருவிலிருந்தும் சிலியிலிருந்தும் கையுறை வாங்குகிறவர்களிடம் தினமும் ஸ்பானிஷில் மல்லுக்கட்டுகிற எனக்கே தலை சுற்றியது. உங்கள் பெரிய மேனேஜர் நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும்.

நான் கொடுத்துவிட்ட மிளகாய்த்தூள் தீர்வதற்குள் பதில் எழுதுங்கள்.

உங்கள் கண்மணி


ஆற்றோரத் தோட்டம், கொலம்பியா,
19 பிப்ரவரி 2024

அன்புள்ள கண்மணிக்கு,

நான் நலம். மிளகாய்த்தூள் போன வாரமே தீர்ந்துவிட்டது. மாமா முழங்காலுக்குச் சூடாக எண்ணெய் தேய்க்கச் சொல். அத்தையைக் கேட்டதாகச் சொல்.

நீ திருத்திய ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு டோன் எர்னான் என் முதுகில் தட்டினார். அவர்தான் பெரிய மேனேஜர். முந்தின ரிப்போர்ட்டில் அவர் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியது உனக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. பொசீப்லே, ஃபக்தீப்லே, பியாப்லே என்று மூன்று வார்த்தை வைத்துக்கொண்டு இவர்கள் உயிரை எடுக்கிறார்கள். சுங்கை ஆயர் தாவாரில் பிறந்தவனுக்கு மூன்றும் ‘முடியும்’தான். எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனை எங்கேயும் ஒரே செம்பனை, குலை வெட்டுவதும் ஒரே மாதிரி. வெட்டியதைப் பற்றி எழுதுவதுதான் இங்கே பெரிய வேலையாக இருக்கிறது.

ஆற்றங்கரையில் மேற்பார்வையாளர்களுக்கு வரிசையாக வீடு கட்டி வைத்திருக்கிறார்கள். நம் ஊர் லயம் மாதிரி ஒட்டி ஒட்டி இல்லை, ஒவ்வொன்றும் தனித்தனி. குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். கடைசி வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். சமையலறை ஜன்னலுக்குப் பச்சைச் சாயம், வெளியே கொய்யா மரம். நீ அந்த ஜன்னலில் நின்று என்னைத் திட்டுவதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். இப்போது நான் இருப்பது தனி ஆட்களின் விடுதி. சாயங்காலமானால் சீட்டாட்டமும் கூத்துமாகப் பொழுது போகிறது.

அந்த மூன்று வார்த்தைக்கும் எனக்குப் புரிகிற மாதிரி ஒரு வழி சொல்லேன். இனி எல்லா ரிப்போர்ட்டும் உன் கண்ணில் பட்டுத்தான் போகும்.

உன் சமையலை நினைத்துக்கொண்டே பசியாறும்,
புவனேசன்


புக்கிட் பெலிம்பிங்,
3 மார்ச் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம்தானே? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அம்மா உங்களை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார். அப்பா எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீடு முழுக்க வழுக்க வைக்கிறார்.

பாடம் ஆரம்பிக்கிறேன். கைகட்டி உட்காருங்கள்.

பொசீப்லே என்றால் நடக்கலாம், அவ்வளவுதான். தடை ஒன்றும் இல்லை, ஆனால் யாரும் பொறுப்பும் இல்லை. அப்பா நாளைக்கே காப்பியில் சர்க்கரையை விட்டுவிடுவது பொசீப்லே. ஃபக்தீப்லே என்றால் ஆள், சாமான், நேரம் மூன்றும் கையில் இருக்கிறது, இறங்கினால் முடித்துவிடலாம். அப்பா ஞாயிற்றுக்கிழமை கோழிக்கூண்டைப் பிரித்துக் கட்டுவது ஃபக்தீப்லே. செய்கிறாரா என்பது வேறு விஷயம்.

பியாப்லேதான் கஷ்டம். செய்து முடித்த பிறகு அது பிழைத்துக் கிடக்குமா என்று கேட்கிற வார்த்தை அது. உங்கள் அப்பா இருந்தபோது, சபாக் தோட்டத்து நாற்றங்காலில் நல்ல பச்சையாக நிற்கிற கன்றைக்கூடப் பிடுங்கிப் போடுவார், ஞாபகம் இருக்கிறதா? நான் ஒரு நாள் அழுதுவிட்டேன். “முளைச்சிருக்கு தாயி, ஆனா மரமாகாது” என்றார். மாமா எந்த ஸ்பானிஷ் வகுப்புக்கும் போனதில்லை. இந்த வார்த்தை எங்கே வந்தாலும் எனக்கு அந்தக் கன்றுதான் ஞாபகம் வருகிறது.

சரி, பாடம் புரிந்ததா என்று ஒரே ஒரு கேள்வி. நம் கல்யாணத்துக்கு இந்த மூன்றில் எதைப் போடுவீர்கள்? யோசித்து எழுதுங்கள், மதிப்பெண் உண்டு.

ரிப்போர்ட் இரண்டும் இணைப்பில். பச்சை ஜன்னலைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

உங்கள் வாத்தியாரம்மா,
கண்மணி


ஆற்றோரத் தோட்டம்,
7 ஏப்ரல் 2024

அன்புள்ள கண்மணிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நான் சௌக்கியம். மழை தொடங்கிவிட்டது, வேலை கழுத்தை நெரிக்கிறது. வீட்டில் அனைவருக்கும் என் வணக்கம்.

வடிகால் ரிப்போர்ட்டைத் தலைமை அலுவலகத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டினார்களாம். “மலேசியாக்காரன் சொல்லைத் தேர்ந்து எழுதுகிறான்” என்று டோன் எர்னான் பெருமைப்படுகிறார். நான் தலையை ஆட்டிக்கொண்டேன். அங்கே போய் என் மனைவி எழுதியது என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்?

உன் கேள்விக்குப் பதில்: ஃபக்தீப்லே. மதிப்பெண் போட்டுக்கொள். ஆவணிக்கு லீவு கேட்கப் போகிறேன். நீ கோயிலில் நாள் பார்த்து வை.

வீட்டைப் படம் எடுக்க நேரமில்லை. இந்த மாத ரிப்போர்ட் மூன்று இணைத்திருக்கிறேன். புதன்கிழமைக்குள் வேண்டும்.

அன்புடன்,
புவனேசன்


புக்கிட் பெலிம்பிங்,
21 ஏப்ரல் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் எல்லாரும் நலம். மழையில் நனைந்து காய்ச்சல் இழுத்துக்கொள்ளாதீர்கள். மிளகாய்த்தூளும் கருவாடும் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கருவாட்டை அங்கே சுங்கத்தில் உள்ளே விடுவார்களா தெரியாது.

ஃபக்தீப்லேவுக்கு முழு மதிப்பெண். அந்த ஒரு வார்த்தையை அப்பாவிடம் காட்டினேன், அவருக்கு எழுத்தும் தெரியாது அர்த்தமும் தெரியாது, ஆனாலும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். ஆவணிக் கடைசி முகூர்த்தத்துக்கு நம் கோயிலிலேயே சொல்லி வைத்துவிட்டோம். ஐயர் தலையை ஆட்டிவிட்டார். சுங்கை ஆயர் தாவாரில் உங்கள் அம்மா தன் சங்கிலியை உருக்கித் தாலி செய்யக் கொடுத்திருக்கிறாராம். நான் வேண்டாம் என்றேன், அத்தை காதிலேயே வாங்கவில்லை.

இன்னொன்று. ஆபீசில் தென்னமெரிக்கப் பிரிவுக்கு என்னைத் தலைவியாகப் போடுவதாகச் சொன்னார்கள். மூன்று வருடம் அதற்காகத்தான் கண் எரிய ஸ்பானிஷ் படித்தேன். ஆவணிக்குப் பிறகு நான் இங்கே இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அகிலனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவனுக்கு ஸ்பானிஷில் ‘நன்றி’க்கு மேல் ஒரு வார்த்தை தெரியாது. கொஞ்சம் வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. பச்சை ஜன்னலை நினைத்து ஆற்றிக்கொண்டேன்.

உங்கள் லீவு உறுதியானதும் ஒரு வரி போடுங்கள். பத்திரிகை அடிக்க வேண்டும்.

நாள் எண்ணிக்கொண்டிருக்கும்,
கண்மணி


சுங்கை ஆயர் தாவார்,
2 ஜூன் 2024

என் தம்பி மக கண்மணிக்கு அத்தை நல்லம்மாள் எழுதுறது.

நான் நல்லா இருக்கேன் தாயி. நீ, தம்பி முருகையா, அம்மா எல்லாரும் நல்லா இருக்கணும்னு ஆத்தாளை வேண்டிக்கிறேன். எனக்கு இந்தப் போன்ல எழுதுறது வராது. தமிழ்ப் பள்ளிக்கூடத்துல ஆறாவது வரைக்கும் படிச்ச எழுத்து, எழுத்துப் பிழை இருந்தா சிரிக்காத.

புவனேசன் எல்லாத்தையும் சொன்னான். மூணு வருசத்துக்கு வேலைய நீட்டிக் கையெழுத்துப் போட்டுட்டானாம், பெரிய பதவி கொடுக்கப் போறாங்களாம். ஆவணிக்கு வர முடியாதுன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கண்மணி என்ன சொல்றான்னு கேட்டேன். அவகிட்டப் பேசிட்டேன் அம்மா, அவளே ஒத்துக்கிட்டா, வேலைதான் முக்கியம்னு சொல்லிட்டான்னான். அப்பத்தான் மனசு ஆறுச்சு. வேற ஒருத்தியா இருந்தா ஊரைக் கூட்டியிருப்பா. நீ பெரிய மனசுக்காரி.

தாலி வந்துருச்சு. சாமி விளக்குக்குப் பக்கத்துல மஞ்சள் துணியில முடிஞ்சு வச்சிருக்கேன். எத்தனை வருசமானாலும் உனக்குத்தான்.

ஒரு நாள் இங்க வந்துட்டுப் போ. நெத்திலி வறுத்துத் தர்றேன்.

உன் அத்தை,
நல்லம்மாள்


புக்கிட் பெலிம்பிங்,
9 ஜூன் 2024

அத்தானுக்கு,

நலம் விசாரிக்க இன்று மனமில்லை. நன்றாகத்தான் இருப்பீர்கள்.

அத்தையின் கடிதம் கிடைத்தது. நான் எப்போது ஒத்துக்கொண்டேன்?

கண்மணி


ஆற்றோரத் தோட்டம்,
14 ஜூலை 2024

அன்புள்ள கண்மணிக்கு,

உன் கோபம் புரிகிறது. நான் நலமாகத்தான் இருக்கிறேன், ஆனால் நிம்மதி இல்லை. மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

அம்மாவிடம் அப்படிச் சொன்னது தப்புத்தான். அழுவார் என்று பயந்து வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லியிருந்தாலும் நீ ஒத்துக்கொண்டுதான் இருப்பாய், அதனால் பாதி உண்மைதான். துணை மேனேஜர் பதவி யாருக்குக் கிடைக்கும்? தோட்டத்தில் ஆள் மேய்த்த மண்டோர் இருசப்பன் மகனுக்கு. நீயும் பெருமைப்பட வேண்டாமா? நமக்குள் என்ன அவசரம்? ரெஜிஸ்டர் ஆகிவிட்டது, யார் பிரிக்கப் போகிறார்கள்? அடுத்த ஆவணிக்கு வருவது பொசீப்லே.

ஒரு அவசர உதவி. ஆற்றங்கரை வீடுகளை வெளிநாட்டு ஊழியர்களின் குடும்பங்களுக்குக் கொடுக்கலாமா, அல்லது அவற்றையும் தனி ஆட்களின் விடுதியாக மாற்றிவிடலாமா என்று தலைமை அலுவலகம் அறிக்கை கேட்டிருக்கிறது. பொறுப்பு என் தலையில். எழுதி இணைத்திருக்கிறேன். விஷயத்தைப் பார்க்காதே, பொதுவாக எழுதியது, நம்மைப் பற்றி இல்லை. ஸ்பானிஷை மட்டும் பார். முடிவு வரியில் ‘குடும்பங்களை அழைத்து வருவது பொசீப்லே, ஆனால்’ என்று எழுதிவிட்டு எந்த வார்த்தை போடுவதென்று தெரியாமல் ஒரு கோடு இழுத்து விட்டிருக்கிறேன். சரியானதை நிரப்பி அனுப்பு. மாத முடிவுக்குள் வேண்டும்.

எப்போதும் உன்,
புவனேசன்


புக்கிட் பெலிம்பிங்,
4 ஆகஸ்ட் 2024

அத்தானுக்கு,

அப்பாவின் முழங்கால் பரவாயில்லை. நான் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. நீங்கள் சொன்ன மாத முடிவு தாண்டிவிட்டது. வேண்டுமென்றேதான் தாண்டவிட்டேன்.

விஷயத்தைப் பார்க்காமல் மொழியை மட்டும் பார்க்கச் சொன்னீர்கள். அப்படி ஒரு வேலை உலகத்தில் இல்லை. ஒவ்வொரு வரியையும் படித்தால்தான் எந்தச் சொல் பொருந்தும் என்று தெரியும். அதனால் படித்தேன். குடும்பம் வந்தால் ஊழியரின் கவனம் சிதறும் என்று எழுதியிருக்கிறீர்கள். குடும்பஸ்தரைவிடத் தனி ஆள் எந்த நேரமும் வேலைக்குக் கிடைப்பான் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது காரணமாக, வெளிநாட்டு மனைவிகளுக்கு இந்த நாட்டு மொழி தெரியாது, அவர்கள் ஊமைபோல் ஒடுங்கிக் கிடப்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த வரியில் இரண்டு வினைச்சொல் தப்பாக இருந்தது. திருத்திவிட்டேன்.

அதைத் திருத்தியபோது மணி எத்தனை, நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்றெல்லாம் எழுதி உங்களை உருக வைக்க எனக்கு ஆசையில்லை. இது மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். வேறு ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லியிருந்தால் நான் அழுது முடித்திருப்பேன். நீங்கள் ஆள் வைத்துக்கொள்ளவில்லை, நான் வராமல் இருக்க வழி தேடுகிறீர்கள். அதற்கு என்னையே கூலியில்லாத ஆபீஸ் கிராணியாக்கி எழுதச் சொல்கிறீர்கள். மனைவி இருக்கிறாள் என்று பத்திரம் காட்டி வேலை வாங்கினீர்கள். இப்போது மனைவிகள் வேண்டாம் என்று அறிக்கை எழுதிப் பதவி வாங்குகிறீர்கள். இதற்குப் பெயர் துரோகம். தமிழிலேயே நல்ல வார்த்தை இருக்கிறது, ஸ்பானிஷுக்குப் போக வேண்டியதில்லை.

ஐயரிடம் அப்பா போய் முகூர்த்தம் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தார். திரும்பி வந்ததிலிருந்து கோயில் பக்கமே போவதில்லை.

அறிக்கை இணைப்பில் இருக்கிறது. ஸ்பானிஷில் பிழை இல்லை. அந்தக் கோட்டை மட்டும் நிரப்பவில்லை. அது உங்கள் வீட்டு விஷயம், நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

கண்மணி


ஆற்றோரத் தோட்டம்,
22 செப்டம்பர் 2024

என் அன்புக் கண்மணிக்கு,

நீயும் மாமாவும் அத்தையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். எனக்குக் கொஞ்சம் காய்ச்சல் வந்து போனது, இப்போது தேவலை.

நல்ல செய்தி. எப்படி நடந்தது என்று கேட்டால் சிரிப்பாய். நீ கோட்டை அப்படியே விட்டு அனுப்பிவிட்டாய். கையில் இருப்பதைக் கொண்டு செய்கிற வார்த்தை என்று நீ சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்தது, ‘ஃபக்தீப்லே இல்லை’ என்று போட்டு அனுப்பிவிட்டேன். டோன் எர்னான் கூப்பிட்டு அனுப்பினார். “வீடு எல்லாம் காலியாகக் கிடக்கிறது, டிக்கெட் கம்பெனி போடுகிறது, இதில் செய்ய முடியாதது எது?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். பிறகு என் கோப்பை எடுத்துப் பார்த்து, “நீ கல்யாணம் ஆனவன் என்றுதானே சேர்த்தோம், உன் மனைவி எங்கே?” என்றார். வருட முடிவுக்குள் உன்னை அழைத்து வர வேண்டும், இல்லாவிட்டால் பதவியைப் பற்றி மறுபடி யோசிப்போம் என்று சொல்லிவிட்டார்.

பார்த்தாயா, உன் பிடிவாதமே நமக்கு நல்லதாகப் போயிற்று. நடந்ததை எல்லாம் மறந்துவிடு. கார்த்திகையில் வருகிறேன். சின்னதாகக் கோயிலில் தாலியைக் கட்டிக்கொண்டு உடனே கிளம்பிவிடலாம். கடைசி வீடு நமக்கு. படம் கேட்டாயே, இணைத்திருக்கிறேன். கொய்யா காய்த்திருக்கிறது.

இந்த மாத ரிப்போர்ட் இரண்டு தேங்கிக் கிடக்கிறது. நேரம் இருந்தால் பார்.

உன் வருகைக்குக் காத்திருக்கும்,
புவனேசன்


புக்கிட் பெலிம்பிங்,
13 அக்டோபர் 2024

புவனேசன் அத்தானுக்கு,

காய்ச்சல் முழுக்க விட்டதா? இங்கே அம்மா நலம். அப்பாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மறக்கடிக்கப் புராணம் இல்லை.

படம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், ஜன்னலைத்தான் முதலில் பெரிதாக்கிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன அதே பச்சை. ஒரு நாள் முழுக்க மனசுக்குள் பெட்டி அடுக்கினேன். அம்மியை எடுத்துப் போக முடியாதே என்றுகூடக் கவலைப்பட்டேன். பிறகு உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்து, ‘நீ வேண்டும்’ என்று எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். டோன் எர்னானுக்கு நான் வேண்டும். உங்கள் பதவிக்கு நான் வேண்டும். தேங்கிக் கிடக்கிற ரிப்போர்ட்டுக்கு நான் ரொம்பவே வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை சுங்கை ஆயர் தாவாருக்குப் போய் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கையில் இருந்ததைத் தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தவர் அடுப்பை அணைத்தார். உங்களைத் திட்டுவார் என்று நினைத்தேன். என்னைத்தான் கோபித்துக்கொண்டார். “நீ ஒத்துக்கிட்டன்னு அவன் சொன்னது பொய்யின்னு எங்கிட்ட ஏன் அன்னைக்கே சொல்லல? நான் ஊரெல்லாம் உன்னைப் பெரிய மனசுக்காரின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே” என்றார். உங்களைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தாலி இருக்கிற மஞ்சள் துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சோறு போட்டார். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஆபீசில் அகிலன் நாற்காலியில் இருக்கிறான், நான் பழைய இடத்திலேயே இருக்கிறேன். ஸ்பானிஷில் மெயில் வந்தால் என்னைத்தான் கூப்பிடுகிறான். அந்த வாய்ப்பு திரும்பி வராது. அதற்கும் நீங்கள்தான் காரணம் என்று சொல்லிவிட்டால் மனசுக்குச் சுலபம், ஆனால் வேண்டாமென்று சொன்ன வாய் என்னுடையது.

வக்கீலைப் போய்ப் பார்த்தேன். ரெஜிஸ்டர் ஆகி இரண்டு வருடம் முடிந்தால்தான் பிரிய மனுப் போட முடியுமாம். அடுத்த வருட டிசம்பர் வரை சட்டப்படி நான் உங்கள் மனைவிதான். நலங்கு வீட்டில் கிண்ணத்தோடு நடுவில் நிற்க வேண்டியதுதான், பழகிவிட்டது. மனுவில் இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இழுத்தடிக்காதாம். அந்த நேரத்தில் மட்டும் லீவு கேளுங்கள்.

ரிப்போர்ட்டுகளைத் திருப்பி அனுப்புகிறேன், திறந்து பார்க்கவில்லை.

நீங்கள் ஏப்ரலில் நம் கல்யாணத்துக்குப் போட்ட வார்த்தை சரிதான். டோன் எர்னானும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். வீடு இருக்கிறது, டிக்கெட் இருக்கிறது, தாலியும் அத்தை வீட்டு விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஃபக்தீப்லேதான். அதனால்தான் அறிக்கையில் நீங்கள் போட்டது தப்பாகிவிட்டது. அந்தக் கோட்டில் வரவேண்டிய வார்த்தை எனக்கு அப்போதே தெரியும், என் கையால் எழுத மனசு வரவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

பியாப்லே இல்லை, அத்தான்.

மழைக்காலம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
முருகையா மகள் கண்மணி